பாதி வளையம்

வாசகரே, என் பேச்சைக் கேட்க வந்தவராக நீங்கள் அமர வேண்டாம். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவராக அமருங்கள். "சான்றோர்களே" என்று தொடங்கிப் பழகிய நாக்கு என்னுடையது. பெரியகுளம் தொட்டுக் கூடலூர் வரை, பதினெட்டு வயதிலேயே என்னை அழைக்காத வாசகசாலை ஆண்டு விழா இல்லை. ஆனால் இந்த மூன்றாண்டுகளாக நான் ஒரு மேடையிலும் ஏறவில்லை. காரணம் கேட்ட அன்பர்களிடம் தொண்டையில் நோய் என்று சொல்லி வந்தேன். அது பொய். உண்மையைச் சொல்வதானால் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரோடு பேசிய எந்த வாதத்திலும் நான் வென்றதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கம்பத்தில் தபாலாபீசின் சுவரை ஒட்டி அவர் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தார். மயிலாடும்பாறையில் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஊரார் அவரைப் பிறந்த ஊரின் பெயரால் குறிப்பிட்டார்கள், நான் அக்கா என்றேன். வயது நாற்பது இருக்கும். கடைப்பலகையின் ஓரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வேலம்பிசின் கரைத்து வைத்து, அதில் ஒரு குச்சியைச் செருகியிருப்பார். தபால்தலை வாங்கி வருவோர் அதைத் தொட்டுத்தான் ஒட்டிக்கொள்வார்கள். பிசினுக்கு விலை கிடையாது. ஒட்டிய உறையை ஒருமுறை அவர் கையில் கொடுத்து வாங்க வேண்டும், அதுவே விலை.

கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான், ஒரு பத்திரிகை ஆசிரியருக்குக் கட்டுரை அனுப்புவதற்காக அரையணாத் தலை ஒன்றை நாக்கில் நனைத்த நாளில்தான் அவருடைய குரலை முதலில் கேட்டேன்.

"எச்சி தொட்டு ஒட்டாதீக தம்பி. இந்தா, பிசின் இருக்குல்ல?"

"மன்னரின் தலையை எச்சிலால் ஒட்டுவது இராஜத் துரோகமோ, அக்கா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ராசா மேல எச்சி பட்டா எனக்கென்ன? ரெண்டு நாள்ல உதுந்துரும். வாங்குறவுகதேன் தண்டம் கட்டணும். அத நட்ட நடுவுல ஒட்டாம மூலையில ஒட்டுங்க. பாதி தலை மேலயும் பாதி காயிதத்து மேலயும் குத்து விழுகணும். அப்பத்தேன் தெளிவாத் தெரியும்."

குத்து என்று அவர் சொன்னது, தபாலாபீசில் தலையின் மேல் அறைகிற வட்ட முத்திரையை. ஊரின் பெயரும் தேதியும் அந்த வளையத்துக்குள் இருக்கும். சுவருக்கு அப்பால் 'டக், டக்' என்று அது விழும் ஓசையை நாள் முழுதும் கேட்டுக்கொண்டே அவர் வெற்றிலை அடுக்குவார். அவருக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆயினும் எந்த உறையைக் காட்டினாலும், வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிவிட்டு இன்ன ஊர்க் குத்து என்று சொல்லிவிடுவார். ஒன்றின் விளிம்பில் ஒரு பல் போயிருக்கும், ஒன்று சாய்ந்தே விழும், ஒன்று மையைக் குடித்துப் பரவும். மாட்டைச் சுழியால் அறிவதுபோல் ஊர்களை அவர் அப்படி அறிந்து வைத்திருந்தார்.

கடிதத்துக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதில் அவருக்குச் சிறிதும் அக்கறை இல்லை. நான் அவர் மேல் கொண்ட முதல் எரிச்சல் அங்கேதான் பிறந்தது.

ஒரு நாள் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். தம் மருமகனுக்கு மதுரையில் வேலை கிடைத்து, வாரந்தோறும் அங்கிருந்து கடிதம் எழுதுவதாகப் பெருமையோடு சொல்லி, புதிதாக வந்த கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டும்படி என்னிடம் நீட்டினார். மதுரையின் கடைவீதியையும் கோபுரத்தையும் மருமகன் அழகாகவே வருணித்திருந்தார். நானும் குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். அக்காளோ உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, ஒங்க மருமகன் மதுரையிலயா இருக்காக?"

"பின்ன? இம்புட்டு நேரம் தம்பி என்னத்தப் படிச்சாக?"

"அது உள்ள. மேல விழுந்திருக்கது தேனிக் குத்து. போன வாரம் கொண்டாந்தீகளே, அதுவும் தேனிக் குத்துதேன்."

பெரியவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில், ஒரு கடையின் பின்கட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த மருமகனைக் கையும் களவுமாகப் பிடித்தார். மறுவாரம் அந்த மருமகனே கடை முன்னால் வந்து நின்று, "ஏத்தா, ஒனக்கு இதுல என்ன ஆதாயம்?" என்று கூச்சலிட்டார். அக்காள் வெற்றிலைக்கு நீர் தெளித்தபடி சொன்னார்: "மதுரைக்குப் போயே தபால்ல போட்டிருந்தா எனக்கென்ன தெரியும்? சோம்பேறித்தனத்துக்கு நா என்ன செய்ய?"

அவருக்கென்று வந்த கடிதங்களையும் அவர் அவ்வாறே நடத்தினார். அவருக்கு உடன்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. பெற்றோர் இறந்தபின் தூக்கி வளர்த்தவர் இவரே. அவன் மலையேறி, திருவிதாங்கூர் எல்லைக்குள் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன். ஒரு தோட்டத்துக் கங்காணியோடு கைகலந்து தப்பியோடிய பிறகு, இருக்குமிடம் வெளியே தெரியக்கூடாது என்று பெயர் மாற்றித் தோட்டம் தோட்டமாக மாறிக்கொண்டிருந்தான். எவரையோ கொண்டு எழுதுவிக்கும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இராது; 'நலம், கவலை வேண்டாம்' என்று மட்டும் இருக்கும்.

அவன் ஒட்டுவதோ சங்குச் சின்னம் பொறித்த திருவிதாங்கூர் சமஸ்தானத் தலை. மலைக்கு மேலே அஞ்சல் என்பது அரண்மனையின் தனி ஏற்பாடு. அதன் தலை நம் பக்கத்தில் செல்லாது. எல்லைக்கு அருகில் வாழ்வோர் மட்டுமே செய்யக்கூடிய இந்தத் தவற்றை அவன் ஒவ்வொரு முறையும் செய்தான். "சங்கு செல்லாது ஆத்தா, தண்டம் கட்டணும்" என்று தபால்காரர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அக்காளும் ஒவ்வொரு முறையும் முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி அதே பதிலைச் சொன்னார்.

"அங்கனருந்து அணைத்தண்ணி வந்தா நம்ம நெல்லுக்குச் செல்லுது. சங்கு வந்தா மட்டும் செல்லாதாக்கும்!"

அப்படி வந்த ஒரு கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். மூன்றே வரிகள். ஆனாலும் அந்த மூன்று வரிகளுக்குள் ஓர் உடன்பிறப்பின் ஏக்கம் முழுவதையும் ஏற்றி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி நான் படித்தபோது, தெருவில் போன இரு பெண்கள் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்காளின் கண் என் முகத்தில் இல்லை. உறையின் மூலையில் இருந்தது.

"நான் படித்தது உங்கள் காதில் விழுந்ததா, அக்கா?"

"விழுந்துச்சு. நல்லாத்தேன் படிச்சீக."

"பின் ஏன் உறையையே பார்க்கிறீர்கள்?"

"உள்ள இருக்கது எவனோ எழுதுனது தம்பி. எந்தம்பி சொல்லி எழுதுனானோ, அவனாச் சேத்து எழுதுனானோ. மேல இருக்கது ஆபீசுக்காரன் குத்துனது. அவனுக்கு எந்தம்பி மேல பாசமா, பகையா, பொய்யாக் குத்த?" பிறகு உறையை விரலால் தட்டினார். "போன தடவ வந்த அதே குத்து. பய எடம் மாறல. சாப்பாடு கெடைக்குதுன்னு அர்த்தம்."

இப்படி வந்த உறைகள் ஒரு தகரப் பெட்டியில் பதினேழு வரை சேர்ந்தன. கடிதங்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு மடிக்கக் கிழித்திருந்தார்! என் குரல் நடமாடிய அந்தத் தாள்களில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மடித்தார் என்பதை நான் எளிதில் மன்னிக்கவில்லை.

அந்த ஆண்டில் எங்கள் வாசகசாலை ஒரு சொற்போர் ஏற்பாடு செய்தது. தபால்தலை ஒரு நாட்டின் வரலாற்றைக் கூறுமா என்பது பொருள். கூறும் என்பது என் கட்சி. கூறாது என்பதற்குப் போடியிலிருந்து ஒரு சட்ட மாணவர் வந்தார். பொருளைக் கையிலெடுத்தவுடனே எனக்கு எரிச்சல்தான் மூண்டது. மலைக்கு அந்தப் பக்கத்தவருக்குச் சங்கு உண்டு, தேர் உண்டு, தங்கள் அரசர் உண்டு. கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறக்கப்பட்டதைக் கொண்டாட, அரசரையும் கோயிலையும் சேர்த்து அப்போது ஒரு புதுத் தலையே வெளியாகியிருந்தது. இந்தப் பக்கத்தில் நமக்கு என்ன உண்டு? கடல் கடந்த மன்னரின் தலை. மன்னரின் ஆட்சி வெள்ளிவிழாவின்போது இராமேசுவரக் கோயில் ஓரணாத் தலையில் வந்தது. அதுவும் மன்னர் பக்கத்தில் கைகட்டி நிற்பதுபோல் வந்து போய்விட்டது. ஒரு பள்ளத்தாக்கே விளைந்து சோறு போடுகிறது, அதற்கு முகம் இல்லையே என்று கடை முன்னால் நின்று நான் பொருமினேன்.

"நமக்குத்தேன் குத்து இருக்கே," என்றார் அக்காள்.

"அது வெறும் மை, அக்கா."

"ராசா மூஞ்சி எல்லா ஊருக்கும் ஒண்ணுதேன். அது மேல விழுகுறதுதேன் நம்ம ஊரு. அவுக மூஞ்சியிலயே நம்ம ஊர் பேரக் குத்தித்தான அனுப்புறோம்?"

நான் பேச்சை மாற்றினேன். அவருடைய தகரப் பெட்டியைக் கேட்டேன். சமஸ்தானத் தலைகளை வண்ணம் வண்ணமாக ஒரு பலகையில் பதித்து அவையோர் முன் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். பதினாறு உறைகளைத் தயங்காமல் எடுத்து வைத்தார். பதினேழாவதைக் கையில் வைத்துக்கொண்டார். நான்கு நாள் முன்னர் வந்தது. அதன் மூலையில் அந்தப் புதிய கோயில் தலை இருந்தது. எனக்கு வேண்டியதே அதுதான்.

"இது வேண்டாம் தம்பி. இது புதுக் குத்து, நா பாத்ததே இல்ல. பயலுக்குக் காச்சல்னு எழுதியிருக்கு. சந்த அன்னைக்கு ஏலக்காத் தரகர் வருவாக. மலை மேல உள்ள அஞ்சலாபீசுக் குத்தெல்லாம் அவுகளுக்குத் தெரியும். எந்த ஊருன்னு கேட்டு, மழைக்கு முந்திப் போயிப் பயல எறக்கிட்டு வரணும்."

முத்திரையில் இருந்தது மலையாள எழுத்து. எனக்கும் வாசிக்கத் தெரியாது. தபாலாபீசு எழுத்தருக்கும் தெரியாது. சந்தைக்கு முந்தின நாள்தான் சொற்போர். விடிந்ததும் உறையைக் கொண்டுவந்து தருகிறேன் என்று தொடங்கி, என் நேர்மையைப் பற்றியும் இந்தப் பள்ளத்தாக்கின் மானத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசினேன். வெற்றிலை வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்று கேட்டார்கள்.

"போதும், பேசாதீக. தாரேன்," என்றார். "உறையோட தாரேன். உறையோட வரணும்."

சாட்சியாரே, அந்தக் கடைசி நான்கு சொற்களை என் காது கேட்டது, மனம் கேட்கவில்லை. மேடைக்கு வேண்டாத சொல்லை விலக்கிக் கேட்க அதைப் பழக்கியிருந்தேன்.

சொற்போரன்று நண்பகலில், எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றிப் பதினேழு உறைகளையும் மிதக்கவிட்டேன். தம்பியும் அக்காளைப்போல் வேலம்பிசினால்தான் ஒட்டியிருந்தான்; நல்ல பிசின். நெடுநேரம் பிடித்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகத் தலைகளை விட்டது. அவற்றைத் துணியில் உலர்த்தி, கறுப்புத் துணி போர்த்திய பலகையில் சங்குகளை வட்டமாக ஒட்டினேன். நடுவில் கோயில். ஈரத்தில் குழைந்து கிடந்த உறைகளை வெயிலில் காயவைத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவற்றில் அழுக்கும் மையும் தவிர ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை நான் பேசியதைப்போல் அதற்கு முன் பேசியதில்லை. போடி மாணவர், தபால்தலை ஆள்வோரின் விளம்பரமே தவிர மக்களின் வரலாறு ஆகாது என்று நன்றாகவே வாதித்தார். நான் பலகையை உயர்த்திக் கோயிலைக் காட்டினேன். பிறகு, கையிருப்பில் வேறு படைக்கலம் இல்லாமற்போன நொடியில், "மன்னர் முகம் எல்லா ஊருக்கும் ஒன்றே! அதன்மேல் விழும் முத்திரையே நம் ஊர்! அந்நிய முகத்தின்மேல் நம் ஊரின் பெயரை நாள்தோறும் பொறித்து அனுப்புகிறோம் நாம்!" என்று முழங்கினேன். கூரை அதிர்ந்தது. தலைவர் எழுந்து எனக்கு மாலை சூட்டினார். அந்தச் சொல் யாருடையது என்று நான் சொல்லவில்லை. பின்வரிசைப் பெண்களுக்கிடையே அக்காள் உட்கார்ந்திருந்ததை, மாலை விழுந்த பிறகே கண்டேன்.

விடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. கூட்டம் கலையுமுன் மேடையருகே வந்து பலகையைப் பார்த்தார். மாலையோடு நான் குனிந்து, "எப்படி அக்கா?" என்றேன்.

"கோயில் நல்லாருக்கு தம்பி," என்றார். பலகையைத் திருப்பிப் பின்புறம் பார்த்தார். மறுபடி முன்புறம் பார்த்தார். "ஊரு எங்கன?"

அப்போதுதான் நான் பார்த்தேன். கோயில் கோபுரத்தின் மேல் ஒரு பாதி வளையம் இருந்தது. அதற்குள் தேதி இருந்தது. ஊர்ப்பெயர் தாங்கிய மறுபாதி காகிதத்தின் மேல் விழுந்திருந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி தம்பி தலையை மூலையில்தான் ஒட்டியிருந்தான்.

"உறைய எங்க தம்பி?"

உவமை தேடாமல் நான் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கக்கூடும். "எரித்துவிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எதிர்வாதம் கிடைத்திருக்கும். பலகையிலிருந்து அந்தக் கோயிலை மட்டும் நகத்தால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சந்தைக்கு நானும் அவர் பின்னால் போனேன். தரகர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஏத்தா, மலை மேல எம்புட்டு அஞ்சலாபீசு இருக்கு தெரியுமா? எல்லாத்துக்கும் வளையம் வளையமாத்தான இருக்கும்? பாதிய வச்சுக்கிட்டு நா என்னத்தச் சொல்ல? முழுசா இருந்தாப் பாத்த ஒடனே சொல்லியிருப்பேன்." என் முகத்தைப் பார்த்து, "நேத்து நீங்கதான பேசுனீக? பிரமாதமாம்ல!" என்றும் சொன்னார்.

அக்காள் கடையைச் சாத்திவிட்டு மலையேறினார். குமுளியிலும், பழைய குத்துகளால் தமக்குத் தெரிந்திருந்த இரண்டு ஊர்களிலும் தோட்டம் தோட்டமாகக் கேட்டார். பெயரை மாற்றிக்கொண்டவனை எந்தப் பெயர் சொல்லிக் கேட்பது? பதினோராம் நாள் மழையோடு இறங்கி வந்தார், தனியாக. அதன் பிறகு மலையிலிருந்து அவருக்குக் கடிதமே வரவில்லை.

இதுவரை நான் மலை ஊர்களின் குத்து விழுந்த இருபத்தாறு உறைகளை அவரிடம் கொடுத்திருக்கிறேன். வண்டிப் பாதை உள்ள ஊர்களை முடித்தேன். இப்போது நடந்து மட்டுமே போகக்கூடிய ஊர்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். "அதுல மேல் வளையம் தடிச்சிருந்துச்சு தம்பி. இது இல்ல," என்பார். பிறகு பெட்டியில் வைத்துக்கொள்வார். சந்தேகம் என்று ஒருமுறையாவது சொல்லமாட்டாரா என்று நான் உள்ளுக்குள் கொதிப்பதுண்டு. அவருடைய கண்ணுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. இருபத்தாறு ஊர்கள் இல்லை என்றாகிவிட்டன. அவன் இருந்த ஊர் இன்னும் ஏதோ ஒரு சரிவில் இருக்கிறது. அவன் இருக்கிறானா என்பதை நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் அவர் மலையிறங்கிய மறுநாள். நனைந்த சேலை கடையின் உள்ளே காய்ந்துகொண்டிருந்தது. அவர் சிரட்டையில் புதுப் பிசின் கரைத்துக்கொண்டிருந்தார். வெற்றிலை வாங்க ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் அவர்கள் நடுவே நின்று, "தாயினும் இனிய தமக்கையே, இந்த அவையோர் அறிய..." என்று தொடங்கினேன்.

அவர் குச்சியைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை. "சத்தம் போடாதீக தம்பி. என்னத்தயாச்சும் சொல்லணும்னா ஒங்க வீட்ல பேசுற மாதிரிச் சொல்லுங்க."

கற்ற வாக்கியங்கள் எல்லாம் ஒரு நொடியில் என்னைக் கைவிட்டன. என் தாய் பேசும் பேச்சு மட்டும் எஞ்சியிருந்தது. நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல், அதில் சொன்னேன்:

"அக்கா, மலை மேல எத்தன அஞ்சலாபீசு இருக்கோ அத்தனைக்கும் போறேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு உறையில சங்கு ஒட்டி, மூலையில ஒட்டி, பாதி தலை மேலயும் பாதி காயிதத்து மேலயுமாக் குத்து வாங்கியாரேன். நனைக்காம, கிழிக்காம ஒங்க கையில குடுக்கேன். 'இதுதேன் ஊரு'ன்னு நீங்க சொல்லுற வரைக்கும் நா மேடையேற மாட்டேன்."